வெர்னா ஹவுட்டலா ஏறாத கூரை

0.25. அதாவது கால். வெர்னா ஹவுட்டலா ஒன்பது வருடம் காவல் காத்த எண் அது.

டோல்மன் ஊரில் அவளைத் தெரியாதவர்கள் குறைவு. செம்புச் சுரங்கங்கள் மூடிய பிறகு இந்த ஊரில் மிஞ்சியவை பல்கலைக்கழகம், சுப்பீரியர் ஏரி, பனி. பல்கலைக்கழகத்தில் முதலாண்டு இயற்பியலை இருநூறு பேர் கொண்ட கூடத்தில் வெர்னாதான் நடத்தினாள். வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை. நாற்பத்தெட்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுடைய அப்பா மாவட்டத்தின் பனி ஒதுக்கும் வண்டியை ஓட்டியவர். அந்த வண்டியை வைத்துத்தான் வெர்னா தன் ஆராய்ச்சியை வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வாள்.

வண்டிக்கு முன்னால் பெரிய இரும்புத் தகடு. தள்ளத் தள்ளப் பனி அதன் முன்னால் குவியும். இன்னும் வேகமாகத் தள்ளினால் இன்னும் குவியும். ஒரு கட்டத்தில் குவிந்த பனியே வண்டியை நிறுத்திவிடும். உலகமும் அப்படித்தான் என்பாள் வெர்னா. தள்ளுவதற்கு ஆற்றல் வேண்டும். ஆற்றலுக்கு எடை உண்டு. ஓர் அளவுக்கு மேல் ஓரிடத்தில் விசையைக் குவித்தால் அந்த எடையே எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக் கருந்துளையாக மூடிவிடும். ஆகவே எந்த விசைக்கும் ஓர் உச்சம் இருக்கிறது. ஒளியின் வேகத்தையும் ஈர்ப்பு மாறிலியையும் ஒன்று என்று வைத்துக்கொள்வது இந்தத் துறைக்காரர்களின் வசதி. அப்படி வைத்தால் அந்த உச்சம் கால்.

ஒளியை எதுவும் முந்த முடியாது என்ற ஒரே ஒரு 'முடியாது' காலத்தையும் இடத்தையும் பற்றிய பழைய எண்ணங்களைப் புரட்டிப் போட்டது. அதேபோல 'காலுக்கு மேல் தள்ள முடியாது' என்பதை அடிக்கல்லாக வைத்து ஈர்ப்பின் முழுக் கட்டடத்தையும் எழுப்பிவிடலாம் என்று ஒரு சிறு கூட்டம் நம்புகிறது. நம்பாதவர்கள் அதைவிடப் பெரிய கூட்டம். நட்சத்திரங்களின் உள்ளே இந்த எல்லை உடைகிறது என்பது அவர்கள் வாதம். உடையவில்லை என்று நிரூபிப்பதுதான் வெர்னா எடுத்துக்கொண்ட வேலை.

அவள் கட்டியதை இடித்துப் பார்க்கிற வேலை ரோலண்ட் ஜெர்வேயுடையது. ஊர் உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். மின்னசோட்டாவில் பிரபஞ்சவியல்காரர்களிடம் முனைவர் பட்டத்துக்குப் பாதிவரை படித்தவன். அப்பா படுக்கையில் விழுந்ததும் திரும்பி வந்தவன் மறுபடி போகவில்லை. வியாழக்கிழமைதோறும் மியெட்டினென் பாரில் இருவரும் உட்காருவார்கள். எல்லையை உடைக்கிற ஒரு கற்பனை இயந்திரத்தை ரோலண்ட் கொண்டு வர வேண்டும். மேசையில் ஒரு ஜாடி பீர். அது காலியாவதற்குள் இயந்திரத்தில் கோளாறு எங்கே என்று வெர்னா சொல்ல வேண்டும்.

பந்தயம் கூரைப் பனி. எங்கள் பக்கத்தில் தட்டைக் கூரை வீடுகளில் பனியை இறக்காவிட்டால் உத்தரம் முறியும். தோற்றவர் சனிக்கிழமை ஜெயித்தவரின் கூரையில் ஏறிப் பனி தள்ள வேண்டும். ஒன்பது குளிர்காலமும் ரோலண்ட்தான் ஏறினான்.

"இன்னிக்கு என்ன கொண்டாந்திருக்க வாத்தியாரே?"

"கயிறு. ரெண்டு கருந்துளை, நடுவுல ஒரு கயிறு. ரெண்டு பக்கமும் இழுக்க இழுக்க..."

"அறுந்துரும்."

"என் கயிறு அறாது, டாக்டரம்மா. உத்தரவாதம் தர்றேன்."

"அறாத கயிறுன்னா கனமா இருக்கும். அந்தக் கனத்துலயே அதுவும் உள்ள போயிரும். முடிஞ்சுது. சீக்கிரம் குடி, என் கூரை காத்துக்கிட்டிருக்கு."

பார்க்காரர் ஆர்னி தட்டுகளில் இறைச்சி அடைத்த பாஸ்டியை வைத்துக்கொண்டே சொல்வார்: "ஏம்ப்பா, உனக்குன்னு ஒரு கூரை இருக்கே, அத யாரு பாக்கறது?"

"அது நான் ஜெயிக்கிற அன்னிக்கு."

ஒன்று கவனிக்க வேண்டும். பாரில் ரோலண்ட் படம்தான் போடுவான், கையை ஆட்டுவான், வாயால் விளக்குவான். எண்களை எழுதிக் கணக்குப் போடுவது எப்போதும் வெர்னா. ஒன்பது வருடமும் அப்படித்தான் நடந்தது.

2018 ஜனவரியில் வெர்னாவின் கட்டுரையை ஒரு நல்ல ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. ஏப்ரலில் அச்சாகும். துறைத் தலைவர் கோர்டன் பென்ஹேல் கூப்பிட்டுக் கைகொடுத்தார். அது அச்சில் வந்துவிட்டால் நிரந்தரப் பணிக்கு அவளுடைய பெயரைத் தானே மேலே அனுப்புவதாகச் சொன்னார்.

கட்டுரையின் பிரதியை வெர்னா பாருக்கு எடுத்துப் போனாள். ரோலண்ட் நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினான்.

"'ரோலண்ட் ஜெர்வேயுடனான உரையாடல்களுக்கு நன்றி.' உரையாடலா? ஒம்போது வருஷம் உன் கூரையில ஏறி எறங்கினது உரையாடலா?"

"கணக்குப் போட்டவங்க பேருதான் மேல வரும், ரோலண்ட். அது எங்க வழக்கம். உனக்குத் தெரியாததா?"

"'எங்க' வழக்கம்."

"நான் அப்படிச் சொல்ல வரல..."

"சரியாத்தான் சொன்ன. அப்ப நானும் ஒரு கணக்குப் போட்டுப் பாக்கறேன், டாக்டரம்மா."

அடுத்த வியாழன் அவன் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் இல்லை. ஆர்னி ஜாடியை எடுத்து வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்துப் போனார்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, வெர்னா வகுப்பு முடிந்து தன் அறைக்கு வந்தபோது கரும்பலகை நிறைய எழுதியிருந்தது. ரோலண்டின் கையெழுத்து. ஒரு நட்சத்திரம், அதை இரண்டு பாதியாக வெட்டிய படம், ஒரு பாதி இன்னொரு பாதியை எவ்வளவு விசையோடு அழுத்துகிறது என்ற கணக்கு, பத்துப் பதினைந்து வரி. கடைசி வரியில் விடை: அரை. மூலையில் ஒரு கட்டம் போட்டு 'அழிக்காதே'. அந்தக் கட்டம் இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அறையைப் பெருக்குகிறவர்கூட அதைத் தொடமாட்டார்.

சாயங்காலம் அவனே போன் செய்தான்.

"பலகையப் பாத்தியா?"

"பாத்தேன். அரைன்னு வருது."

"காலுக்கு ரெண்டு மடங்கு. கையாட்டல் இல்ல, கணக்கு. சனிக்கிழமை வந்துரு. ஷவல் நான் தர்றேன், உன்னுது பிடி ஆடுது. ஒம்போது வருஷமா எனக்குத்தானே தெரியும்."

"இரு, மொதல்ல சரிபாக்கறேன்."

"ஜாடி காலி, வெர்னா."

"எந்த ஜாடி? நீதான் பாருப் பக்கமே வரலயே."



"வருவியா, மாட்டியா?"

"தப்பு எங்கன்னு தேடறேன். கெடைக்கலன்னா வர்றேன்."

வெள்ளிக்கிழமை முழுக்கப் பனி கொட்டியது. சனிக்கிழமை காலை வெர்னா ரோலண்டின் வீட்டுக்குப் போகவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பலகைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தப்பு கிடைக்கவில்லை. கிடைக்காமல் தோல்வியை ஒப்புக்கொள்ள மனமில்லை.

மதியத்துக்கு முன்பே ரோலண்ட் தானே ஏணியை எடுத்துச் சாத்தினான். கூரையில் பாதிதான் தள்ளியிருந்தான். மாரடைப்பு. அவன் மனைவி கொலெட் சமையலறை ஜன்னல் வழியே கூரையிலிருந்து பனி விழுவது நின்றதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். ரோலண்டுக்கு ஐம்பத்தொரு வயது.

தேவாலயத்தில் பிரார்த்தனை மட்டும் நடந்தது. எங்கள் மண் பிப்ரவரியில் இரும்பு மாதிரி இறுகியிருக்கும். குழி வெட்ட மே மாதம் ஆகும். அதுவரை சவப்பெட்டி கல்லறையின் குளிர்க் கொட்டடியில் இருக்கும். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பியும் ஏலக்காய் போட்ட நிசு ரொட்டியும் வைத்திருந்தார்கள். வெர்னா ஓரமாக நின்றாள். கொலெட்டே பக்கத்தில் வந்தாள்.

"விசிலடிச்சுக்கிட்டே ஏணியில ஏறினான் தெரியுமா. ஜெயிச்சுட்டேன் கொலெட், அவ இன்னும் ஒத்துக்கல, ஆனா ஜெயிச்சுட்டேன்னு சொன்னான்."

"நான் வந்திருக்கணும்."

கொலெட் ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்தவர்களிடம் போனாள்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் வெர்னா அந்தக் கணக்கை விடவில்லை. முதல் வரி நட்சத்திரத்தின் அடர்த்தியை ஒரு நீளத்தை வைத்துக் குறிக்கிறது. வெறும் வரையறை, அதில் சரிபார்க்க ஒன்றும் இல்லை. இரண்டாவது வரியிலிருந்து ஒவ்வொரு படியாகப் போட்டாள். கையால் போட்டாள், கணினியில் போட்டாள், கடைசி வரியிலிருந்து பின்னோக்கிப் போட்டாள். எல்லாம் சரியாக இருந்தது. விடை ஒவ்வொரு தடவையும் அரை. ஒவ்வொரு தடவையும் ஏணி கண்ணில் வந்தது. அவன் சரியாகச் சொல்லியிருந்தால், அந்தச் சனிக்கிழமை அந்தக் கூரையில் நின்றிருக்க வேண்டியது அவள்.

மார்ச்சில் பென்ஹேலின் அறைக்குப் போனாள்.

"கட்டுரைய வாபஸ் வாங்கறேன், கோர்டன்."

"என்ன ஆச்சு?"

"எல்லை உடையுது. ரோலண்ட் உடைச்சுக் காட்டிட்டான்."

"யாரு, அந்த ஸ்கூல் வாத்தியாரா? இங்க பாரு வெர்னா, மூணு நடுவருங்க பாத்துச் சரின்னு சொன்ன விஷயம். அச்சுக்குப் போயிருச்சு. வரட்டும். அப்புறம் ஒரு திருத்தம் போட்டுக்கலாம். யாரு கேக்கப் போறா?"

"நான் கேப்பேன்."

"அவரு கணக்க வேற யாருக்காவது காட்டினியா?"

"நானே பாத்துட்டேன். தப்பில்ல."

"நீ இப்ப இருக்கற நெலமையில..." பென்ஹேல் பாதியில் நிறுத்தினார். "இது போச்சுன்னா நான் மேல என்னத்த அனுப்பறது? உன் எடத்தையே எடுத்துருவாங்க. வகுப்பெடுக்க யாரையாவது பகுதி நேரமா வச்சுக்குவாங்க. புரியுதா?"

"புரியுது."

இதழுக்கு அவள் எழுதிய அறிவிப்பு இரண்டு வாக்கியம். ரோலண்ட் ஜெர்வே காட்டிய எதிர் உதாரணத்தின் காரணமாக முடிவு நிற்கவில்லை. ஆகவே கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது. அவன் பெயர் முதல் வாக்கியத்திலேயே இருந்தது. கோடையில் அவனுடைய கணக்கை அவன் பெயரை மட்டும் போட்டு எழுதி அனுப்புவதென்று தீர்மானித்தாள். ஏப்ரலில் துறையிலிருந்து பதில் வந்தது. பென்ஹேல் சொன்னபடியே ஆனது. மே மாதத்தோடு வேலை முடிகிறது.

அதே வாரம் கொலெட்டிடமிருந்து போன். குழி வெட்டத் தேதி கொடுத்துவிட்டார்கள், கல்லும் தயாராகிறது.

"பேரு, தேதி, அதுக்குக் கீழ அந்தக் கணக்கு. மொத வரியும் கடைசி வரியும் போதும்னு கல்வெட்டறவர் சொல்றாரு. நீ எழுதிக் குடு. எனக்கு அதெல்லாம் கோழி கிறுக்கின மாதிரி இருக்கு."

வெர்னா அறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். புத்தகங்களெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன. பலகை மட்டும் அப்படியே இருந்தது. கல்லில் வெட்டியதை அழிக்க முடியாது என்பதால் நிதானமாக எழுத உட்கார்ந்தாள். முதல் வரி. அடர்த்திக்கான குறியை எழுதினாள், சமக்குறி போட்டாள், மேலே மூன்று எழுதினாள். கீழே அவள் கை, முப்பது வருடப் பழக்கத்தில், எட்டு என்றும் பை (π) என்றும் எழுதிவிட்டு அதற்குப் பிறகுதான் நீளத்தின் வர்க்கத்தை எழுதியது. சரிதானா என்று நிமிர்ந்து பார்த்தாள். பலகையில் எட்டும் இல்லை, பையும் இல்லை.

ஈர்ப்புக் கோட்பாட்டுக்காரர்கள் ஈர்ப்பு மாறிலியை ஒன்று என்று வைக்கிறார்கள். ரோலண்ட் படித்த பிரபஞ்சவியல்காரர்கள் பலரும் அந்த மாறிலியோடு எட்டையும் பையையும் பெருக்கி, அந்த மொத்தத்தை ஒன்று என்று வைத்துவிடுவார்கள். இரண்டும் சரி. இரண்டையும் யாரும் எழுதிக் காட்டுவதில்லை. ஒன்று என்று வைத்த பிறகு எழுத என்ன இருக்கிறது? ஆனால் எல்லையின் எண் மாறிவிடும். அவளுடைய அளவில் கால் என்றால், அவனுடைய அளவில் அது ஆறுக்கு மேல். அவனுக்கு வந்த விடை அரை. எல்லையில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. அவள் எல்லாப் படிகளையும் சரிபார்த்திருந்தாள். பிழை முதல் படிக்கும் முன்னால் இருந்தது.

கொலெட்டின் சமையலறையில் போய் உட்கார்ந்து அதைச் சொன்னாள்.

"கல்லுல வெட்ட வேணாம் கொலெட். அது எல்லைய உடைக்கல. அவன் படிச்ச எடத்துல வேற பழக்கம், நான் படிச்ச எடத்துல வேற. அவனோட விடைய என் அளவுல வச்சுப் பாத்துட்டோம், ரெண்டு பேரும்."

கொலெட் காப்பிக் குவளையைக் கீழே வைத்தாள்.

"அப்ப அவன் ஜெயிக்கல."

"இல்ல."

"அன்னிக்கு உன் கூரையில ஏற வேண்டியவன் அவன்தான்."

"கணக்குப்படி."

"அது உனக்கு ஆறுதலா இருக்கா?"

"இல்ல."

"இருக்கக் கூடாது." கொலெட் எழுந்து ஜன்னலோரம் போனாள். ஏணி இன்னும் அங்கேதான் சாத்தியிருந்தது. "ஒம்போது வருஷம் அவன் சொன்ன ஒண்ணையும் நீ நம்பினதில்ல. வாரா வாரம் கிழிச்சுத் தொங்கவிட்ட. அதுதான் அவனுக்குப் பிடிச்சுது. வீட்டுக்கு வந்து, இன்னிக்கும் கண்டுபிடிச்சுட்டா கொலெட்னு சிரிப்பான். செத்தப்புறம் ஒரே ஒரு தடவ நம்பின பாரு. அவன் உயிரோட எதுக்க உக்காந்திருந்தா ஒரு ஜாடி தீர்றதுக்குள்ள பிடிச்சிருப்பியா, மாட்டியா?"

"பிடிச்சிருப்பேன்."

"அப்புறம் என்ன? மரியாதைன்னு நெனச்சியா?"

வெர்னாவும் ஏணியைப் பார்த்தாள்.

"வேலையும் போச்சு உனக்கு," என்றாள் கொலெட், இன்னும் ஜன்னலைப் பார்த்தபடி. "அவன் கேட்டானா அத? கட்டுரையில இன்னும் ஒரு வரி போடச் சொன்னான். அவ்வளவுதான் கேட்டான்."

வெர்னா கல்லைப் பற்றிக் கேட்டாள். பெயரும் தேதியும் மட்டும் போதுமா?

"கணக்கையும் வெட்டு."

"பாக்கறவங்க தப்பா நெனப்பாங்க."

"தப்பில்லன்னு இப்பதானே சொன்ன? பழக்கம் வேறன்னு. அப்ப அந்தப் பழக்கத்தையும் சேத்து வெட்டு."

அப்படியே வெட்டினார்கள். மே மூன்றாம் வாரம் ரோலண்டைப் புதைத்தபோது கல் நின்றது. பெயர், தேதிகள், முதல் வரி, விடை. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் அவன் பழக்கம்: 8πG = 1. ஊர்க்காரர்களுக்கு அது ஒரு அலங்காரம். விஷயம் தெரிந்தவர் யாராவது அந்த வழியே வந்தால், கல்லில் உள்ளது சரியான கணக்கு என்பதும், அது எதையும் உடைக்கவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

கட்டுரையை மறுபடி போடச் சொல்லி வெர்னா இதழுக்கு எழுதினாள். திரும்பப் பெற்றதைப் புதிதாகத்தான் அனுப்ப வேண்டும், மறுபடி நடுவர்களிடம் போக வேண்டும் என்றார்கள். அனுப்பினாள். அதற்குள் ஜூன் மாதம் வேறொரு நாட்டில் இரண்டு பேர் ஏறக்குறைய அதே நிரூபணத்தை வெளியிட்டிருந்தார்கள். புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்று அவளுடையது திரும்பி வந்தது. அந்த எல்லையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இப்போது அந்த இருவரின் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

உயர்நிலைப் பள்ளியில் ரோலண்டின் இடம் காலியாக இருந்தது. விண்ணப்பித்தது வெர்னா ஒருத்திதான். செப்டம்பர் முதல் வாரம் சேர்கிறாள். அவனுடைய மேசை, அவனுடைய பலகை. வியாழக்கிழமை அவள் பாருக்குப் போவதில்லை என்று ஆர்னி சொல்கிறார்.

ஜூலையில் ஒரு நாள் அவள் கொலெட்டிடம் போய், இந்தக் குளிர்காலம் கூரைப் பனியைத் தானே இறக்குவதாகச் சொன்னாள். கொலெட் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

ஆகஸ்டில் கொலெட் ஆட்களை வைத்துப் பழைய தட்டைக் கூரையைப் பிரித்தாள். இப்போது அங்கே சரிவான தகரக் கூரை. அதில் பனி நிற்காது.